தொழில் வண்டிக்கு இடமில்லை

போன மாதக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். "இங்கிலாந்திலும் தீண்டாமை உண்டு, அங்கே அது மனிதனைப் பார்ப்பதில்லை, அவன் ஏறி வந்த வண்டியைப் பார்க்கிறது" என்பதுதான் அந்த வாக்கியம். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நான் ஏதோ இங்கிலாந்து தேசத்தின் மீதே படையெடுத்துவிட்டது போல் இருக்கிறது. ஓர் அன்பர் எழுதுகிறார்: "ஏதோ ஒரு சுற்றுலா முகாமில் ஒரு வேனை உள்ளே விடவில்லை. அதற்குப் போய்த் தீண்டாமை என்ற சொல்லையா எடுப்பது?"

அந்த அன்பர் சொல்வதில் ஒரு பாதி நியாயம். தீண்டாமை என்ற சொல் அதை அனுபவித்தவர்களுக்குச் சொந்தமானது. அதை நான் கைமாற்றாக வாங்கிக் கட்டுரைக்குக் காரம் சேர்த்தது தவறு. அந்தச் சொல்லைத் திரும்பக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் விஷயத்தைத் திரும்பக் கொடுக்க மாட்டேன். ஏனென்றால் அந்த வேனுக்குள் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் லெஸ்டர் நகரில் ஒரு நண்பர் வீட்டில் பதினைந்து நாள் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். பதினெட்டு வயதில் போருக்குத் தப்பி அங்கே போனவர். கிடைத்த வேலையெல்லாம் செய்து, எலெக்ட்ரீஷியன் தொழிலைக் கற்று, இன்று சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. வெள்ளை நிற வேன். இரண்டு பக்கத்திலும் நீல எழுத்தில் அவருடைய பெயர், தொழில், டெலிபோன் எண். முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருக்கை உண்டு. அதற்கும் பின்னால் ஒயர்ச் சுருள்களும் ஏணியும் கருவிப் பெட்டிகளும். வாரத்தில் ஆறு நாள் அது தொழிலுக்குப் போகும். ஏழாம் நாள் குடும்பத்தோடு கோவிலுக்கும் கடைக்கும் போகும். இரண்டு வண்டி வைத்துக் கொள்ளும் வசதி அவருக்கு இல்லை, வேண்டியதும் இல்லை.

அந்த வேனால் இழுத்துச் செல்ல அவர் ஒரு பழைய கேரவனையும் வாங்கி வைத்திருந்தார். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் குளிர்சாதனப் பேருந்துதான் நினைவுக்கு வரும். அங்கே அது வேறு. சக்கரம் வைத்த சின்ன வீடு. தனக்கென்று என்ஜின் கிடையாது. படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஜன்னல் திரை எல்லாம் உண்டு. இழுக்கும் வண்டியின் பின்னால் உருண்டையான ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். கேரவனின் மூக்கு அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். கோடை விடுமுறை வந்தால் அந்த நாட்டில் குடும்பம் குடும்பமாக இப்படி வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்கும் மலைக்கும் போகிறார்கள். ஹோட்டலில் நான்கு பேர் தங்குவதற்கு ஆகும் செலவை நினைத்தால் இது ஏழையின் கோடை வாசஸ்தலம் என்றுகூடச் சொல்லலாம்.

நண்பர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். ஐந்து பேரும் புறப்பட்டோம். ஏணியும் கருவிப் பெட்டியும் வீட்டுக் கொட்டகைக்குப் போயின. அவை இருந்த இடத்தில் அரிசி மூட்டையும் மடக்கு நாற்காலிகளும் பிள்ளைகளின் சைக்கிள்களும் ஏறின. லெஸ்டரிலிருந்து கிழக்கே ஏ-47 சாலையில் போய், கிங்ஸ் லின் நகரைத் தாண்டி, நார்ஃபோக் கடற்கரையில் ஹன்ஸ்டன்டன் பக்கம் ஒரு முகாம். மூன்று வாரத்துக்கு முன்பே இடம் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தார்.

வழி நெடுக அவர் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். நாம் 'வேன்' என்பதை அவர் யாழ்ப்பாண வழக்கில் 'வான்' என்பார்.

"அண்ணை, இழுக்கிறது பெரிசில்லை. பின்னாலை வாறது எங்களை ஆட்டாமப் பாக்கிறதுதான் வேலை" என்றார்.

அது உண்மை என்று நான் கண்ணால் பார்த்தேன். இழுக்கும் வண்டி இலேசாகவும் இழுபடுவது கனமாகவும் இருந்தால், பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும் காற்றிலேயே கேரவன் பாம்பு போல நெளிய ஆரம்பித்துவிடும். நெளிவு முற்றினால் முன்வண்டியையும் புரட்டிவிடும். அதனால்தான் புதிதாகக் கேரவன் இழுப்பவர்களுக்கு அங்கே சங்கங்கள் ஒரு யோசனை சொல்கின்றன: கேரவனின் முழு எடை, இழுக்கும் வண்டியின் வெற்றெடையில் 85 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். நண்பருடைய வேனின் வெற்றெடை சுமார் 2,000 கிலோ. கேரவன் சாமான்களோடு 1,400 கிலோ. கணக்குப் போட்டால் 70 சதவிகிதம். கனமான சாமான்களைக் கேரவனின் சக்கரத்துக்கு மேலாகத் தாழ்வாக வைப்பது, மூக்கின் மேல் மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு சதவிகிதம் மட்டும் அழுத்தும்படி பார்ப்பது, வேனை விடக் கேரவன் அகலமாக இருப்பதால் இரண்டு பக்கமும் நீட்டிய கண்ணாடி மாட்டுவது, பூட்டு கழன்றுவிட்டாலும் கேரவனின் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கும் கம்பியைக் கோப்பது எல்லாவற்றையும் அவர் ஒரு புரோகிதரின் சிரத்தையோடு செய்தார். ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையில் 60 மைல்; அதற்கு மேல் முள் ஒரு கோடு ஏறவில்லை. பாரம் இழுப்பதற்கென்றே பிறந்த வண்டி. அதை அறிந்த சாரதி. வேறென்ன வேண்டும்?

மாலை மூன்று மணிக்கு முகாமின் வாசலை அடைந்தோம். வரவேற்பறையிலிருந்து ஒரு பெண் புன்னகையோடு வெளியே வந்தாள். வேனின் பக்கவாட்டைப் பார்த்தாள். புன்னகை மாறவில்லை, அதுதான் அந்த நாட்டின் விசேஷம். "மன்னிக்க வேண்டும். தொழில் வண்டிகளை நாங்கள் அனுமதிப்பதில்லை. பதிவுச் சீட்டின் நிபந்தனைகளில் இருக்கிறதே" என்றாள்.

நண்பர் சீட்டை எடுத்துப் பார்த்தார். இருந்தது, பொடி எழுத்தில். தாம் தொழிலுக்கு வரவில்லை, குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அவள் உள்ளே குனிந்து பார்த்தாள். இரண்டு குழந்தைகள், ஒரு வாளி, ஒரு மண்வெட்டிப் பொம்மை, ஒரு தமிழ் எழுத்தாளன். அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து சொன்னாள்: "வேனில் இருக்கும் எழுத்துக்களை ஏதாவது போட்டு முழுதும் மூடிவிட்டால், இந்தத் தடவை மட்டும் விடலாம் என்கிறார் மானேஜர்."

பின் இருக்கையிலிருந்த பையன், பன்னிரண்டு வயது, உடனே போர்வையை எடுத்துவிட்டான். "அப்பா, இந்தா!" என்று நீட்டினான்.

நண்பர் அந்தப் போர்வையை வாங்கி, மடித்து, மறுபடி இருக்கையின் மேலேயே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இருவது வருசம் உழைச்சுத்தான் அண்ணை இந்த வானிலை என்ரை பேரை எழுதினனான். அதை நானே போர்வையாலை மூடுறதோ? அதுவும் இவன் பாக்க?"

வண்டியைத் திருப்பினோம். கேரவனைக் கட்டிக்கொண்டு குறுகலான வாசலில் பின்னால் எடுப்பது லேசான காரியமல்ல. எங்களுக்குப் பின்னால் மூன்று கார்கள் கேரவன்களோடு காத்திருந்தன. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னும் பின்னுமாக ஆறேழு தடவை ஒடித்துத் திருப்பினார். அந்தப் பத்து நிமிஷத்தில் அந்தப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

இதுதான் நடந்தது. அடி உதை இல்லை, வசைமொழி இல்லை, கட்டிய பணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதில் என்ன அநியாயம் என்று கேட்கிறீர்களா?

முதலில் அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1997 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு கார் ஓட்டும் பரீட்சையில் தேறியவர்கள், இவ்வளவு பெரிய வேனில் இவ்வளவு பெரிய கேரவனை இழுக்க வேண்டுமானால் தனியாக இன்னொரு பரீட்சையிலும் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தப் பரீட்சையை நீக்கிவிட்டார்கள். 3,500 கிலோ வரை இழுக்கலாம். இன்னொன்று: வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால், தொழிலுக்காகச் சரக்கு ஏற்றிச் செல்கிறவர்கள் பொதுவாக டாக்கோகிராஃப் என்ற கருவியைப் பொருத்த வேண்டும். ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எவ்வளவு ஓய்வெடுத்தார் என்பதை அது பதிவு செய்யும். ஆனால் அதே வண்டி, அதே கேரவன், தொழிலுக்கல்லாமல் சொந்தக் காரியமாகப் போனால், மொத்தம் 7,500 கிலோ வரை அந்தக் கருவி வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த விலக்கில் இருக்கும் விவேகத்தைக் கவனியுங்கள். ஒரே வண்டி திங்கட்கிழமை தொழில் வண்டி. ஞாயிற்றுக்கிழமை குடும்ப வண்டி. வண்டிக்கு ஜாதி கிடையாது. பயணத்துக்குத்தான் நோக்கம் உண்டு. சட்டம் "எதற்காகப் போகிறாய்?" என்று கேட்கிறது. முகாமின் வாசலோ "எதில் வந்தாய்?" என்று கேட்கிறது. இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம்தான் நியாயத்துக்கும் அந்தஸ்துக்கும் உள்ள வித்தியாசம்.

முகாம்காரர்கள் காரணம் இல்லாமல் செய்வார்களா என்கிறார் இன்னோர் அன்பர். காரணங்கள் உண்டு, நானே விசாரித்தேன். மூன்று சொல்கிறார்கள்.

தொழிலாளிகள் முகாமை மலிவான விடுதியாக்கிக்கொண்டு, விடியற்காலையில் வேனைக் கிளப்பி மற்றவர்கள் தூக்கத்தைக் கெடுக்கிறார்களாம். இருக்கலாம். அப்படியானால் விடியற்காலைச் சத்தத்தைத் தடை செய்யுங்கள். நடுராத்திரி வரை கார்க் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுகிறவனுக்கும் அந்தத் தடை பொருந்தும்.

பெரிய வேன் கண்ணுக்கு அழகாக இல்லை, காட்சியை மறைக்கிறது என்பது இரண்டாவது. இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அதே முகாமின் உள்ளே வரிசையாக நின்ற மோட்டார் வீடுகள் பலவும் எதன் மேல் கட்டப்பட்டவை? ஃபியட் டுகாட்டோவும் போர்டு டிரான்சிட்டும்தான். அதாவது அதே வேன்கள்! சரக்கு வைக்கும் இடத்தில் மெத்தை போட்டு, ஜன்னலுக்குத் திரை கட்டி, பக்கத்தில் அழகான கோடு ஒன்று வரைந்துவிட்டால் அது சுற்றுலா வாகனம். அதே உயரம், அதே அகலம், அதே என்ஜின். ஆனால் "எலெக்ட்ரீஷியன்" என்று எழுதியிருந்தால் மட்டும் காட்சியை மறைத்துவிடுகிறது! மறைப்பது வேன் அல்ல ஐயா, அந்த எழுத்து. அதனால்தானே போர்வையால் மூடச் சொன்னார்கள்? போர்வை போர்த்திய வேன் எந்த விதத்தில் சிறியதாகிவிடும்?

ஏமாற்றுக்காரர்கள் வேனில்தான் வருகிறார்கள் என்பது மூன்றாவது. வாசலில் தார் போட்டுத் தருகிறேன், கூரையைச் சரி செய்கிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிற கூட்டம் அங்கேயும் உண்டு. ஆனால் எந்த ஏமாற்றுக்காரனாவது தன் பெயரையும் டெலிபோன் எண்ணையும் வண்டியில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வருவானா? பெயர் எழுதியிருப்பவன் தன்னைத் தேடி வரலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். அந்த நாணயத்தைத்தான் இவர்கள் குற்றம் என்கிறார்கள்.

சொல்லாத நான்காவது காரணம் ஒன்று உண்டு. அதுதான் வேர். அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கேரவனிலேயே வாழும் ஜிப்ஸிகளும் ஐரிஷ் நாடோடி மக்களும் இருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. "உங்கள் இனத்துக்கு இடமில்லை" என்று வாசலில் பலகை மாட்ட முடியாது. அதனால் வேறு பலகை தேடுகிறார்கள். பான்டின்ஸ் என்ற விடுமுறைப் பூங்காக் கம்பெனி வேண்டாத விருந்தாளிகள் என்று ஐரிஷ் குடும்பப் பெயர்களாகவே ஒரு பட்டியல் வைத்திருந்தது 2021-இல் அம்பலமாயிற்று. அந்த மக்களைத் தள்ளிவைக்கத் தன்னுடைய தொழில் வண்டி விதியையும் அது பயன்படுத்தியது என்று அந்த நாட்டின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் அப்போது எடுத்துச் சொன்னது. கம்பெனி சட்டத்தை மீறி இனப் பாகுபாடு காட்டியது என்று 2024 பிப்ரவரியில் அதே ஆணையத்தின் விசாரணை முடிவு சொல்லிற்று. எங்களைத் திருப்பி அனுப்பிய முகாம் இந்தக் கம்பெனியுடையது அல்ல. அந்தப் பெண்ணின் மனத்தில் அப்படி எதுவும் இருந்ததாகவும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: மனிதனை நேரடியாக விலக்க வெட்கப்படும் இடத்தில் வண்டி பதிலாள் ஆகிறது. அந்த விதி ஒருவனைக் குறி வைத்துக் கட்டப்படும். பிறகு உழைத்துப் பிழைக்கிற எல்லோர் மீதும் விழும்.

இதில் இருக்கும் வேடிக்கை என்ன தெரியுமா? கேரவன் என்ற பொருளே அந்த மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்றில் 'வாண்டரர்' என்ற கேரவனைச் செய்வித்தார். உல்லாசப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். எங்கள் ஜாதி, எழுத்தாளர் ஜாதி! அதை இரண்டு குதிரைகள் இழுத்தன, வண்டிக்காரன் ஓட்டினான், இன்னொரு பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் வழியில் எச்சரிக்கை சொன்னான். ஸ்டேபிள்ஸ் தம்மைக் 'கனவான் ஜிப்ஸி' என்று சொல்லிக்கொண்டார். ஜிப்ஸியின் வீடு கனவானுக்கு விளையாட்டாயிற்று. பிறகு ஜிப்ஸிக்கே வாசல் அடைபட்டது.

அந்தச் சொல்லாவது சுத்தமா? 'கேரவன்' பாரசீகத்துக் 'கார்வான்'. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் சென்ற வியாபாரிகளைக் குறித்த சொல். நாமும் அதை அறிவோம்; பழந்தமிழில் அதற்குச் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தகப்பன் மாசாத்துவான் என்றால் பெரிய சாத்துக்குத் தலைவன், வியாபாரி. அதாவது கேரவன் பிறந்ததே தொழிலில். 'வேன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேரவன் என்பதன் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டதுதான் வேன். என் நண்பர் 'வான்' என்று சொல்லும்போது அந்த உறவு இன்னும் தெளிவாகவே காதில் விழுகிறது. கேரவனை வேன் இழுக்கக்கூடாது என்பது, கிழவியைப் பேரன் கைபிடித்துக் கோவிலுக்குக் கூட்டி வரக்கூடாது என்பது போல!

அன்றைக்கு எங்களுக்கு இடம் கிடைக்காமல் போகவில்லை. எல்லா முகாம்களும் ஒரே மாதிரி அல்ல. அந்த நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் சான்று கொடுத்தால் சாதாரணப் பண்ணை நிலத்திலும் ஐந்து கேரவன்கள் வரை நிறுத்தலாம். அப்படி ஒரு பண்ணையை நண்பரின் மனைவி போனில் தேடிக் கண்டுபிடித்தார். வாசலில் சேறு படிந்த பூட்ஸோடு ஒரு மூதாட்டி நின்றாள். வேனைப் பார்த்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "நாய் இருக்கிறதா?" இல்லை என்றோம். "அப்படியானால் ஆடுகள் பக்கமே நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று மாலை ஹன்ஸ்டன்டன் கரையில் உட்கார்ந்திருந்தோம். கிழக்குப் பக்கத்துக் கடற்கரையானாலும் மேற்கே பார்த்த ஊர் அது. சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. பையன் மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, நாங்கள் ஒரு கார் வாங்குவமோ?" என்று கேட்டான்.

அந்த முகாம் செய்த காரியம் இதுதான். ஒரு பிள்ளையைத் தகப்பனுடைய உழைப்பைப் பார்த்து வெட்கப்பட வைத்தது. இது சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

இனி, கடைசியாக என் விஷயம். ஊர் திரும்பிய பிறகு இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு, நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில், ஒரு சின்ன லோடு வேன் நிற்பதைப் பார்த்தேன். மஞ்சள் நம்பர் போர்டு. தண்ணீர் கேன் போடுகிற வண்டி. அது எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் குடியிருப்பவருடையது. மாதாமாதம் என்னைப் போலவே பராமரிப்புப் பணம் கட்டுகிறவர். என்னைப் போலவே கீழே ஓர் இடம் அவருக்கும் உண்டு. அந்த இடம் காலியாகக் கிடந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது: "குடியிருப்பின் தோற்றத்தை முன்னிட்டு, வர்த்தக வாகனங்களை உள்ளே நிறுத்த அனுமதியில்லை." அதன் கீழே இருபத்து நான்கு கையெழுத்துக்கள். அதில் ஒன்பதாவது என்னுடையது. படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அந்த மனிதருக்கும் ஒரு பையன் இருக்கிறான். அவன் எந்த ஜன்னலிலிருந்து அந்தத் தெருவைப் பார்க்கிறான் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

கடிதம் எழுதிய அன்பர்களே, இங்கிலாந்தைத் திட்டுவதற்காக நான் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. தொழில் செய்கிறவன் வேண்டும், அவன் கை வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்கு அவன் வண்டி வந்து நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வண்டி கண்ணில் படக்கூடாது. இந்தப் புத்தி நார்ஃபோக்கிலும் இருக்கிறது, என் வீட்டு வாசலிலும் இருக்கிறது. அங்கே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இங்கே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நேற்றுச் சங்கக் காரியதரிசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற இருபத்து மூன்று பேரின் வீட்டுக் கதவையும் வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தட்டப் போகிறேன்.